ஐ.எஸ்.ஓ 20400 கொள்முதல் வழிகாட்டி: இரண்டு ஆண்டு பயன்படுத்திய அனுபவம்

கொள்முதல் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பேனா, காகிதம் தொடங்கி நாற்காலி, கணினி, ஏசி வரை எங்கள் நிறுவனத்துக்குள் வருகிற பொருள் எதுவும் என் மேசையைத் தாண்டித்தான் வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. இனி வாங்குவதெல்லாம் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரே வரி. எப்படி என்று அதில் இல்லை. அந்த "எப்படி"யைத் தேடிப் போனபோதுதான் ஐ.எஸ்.ஓ 20400 கையில் கிடைத்தது. வாங்கினேன், படித்தேன், இரண்டு ஆண்டாக அதை வைத்து வேலையும் செய்துவிட்டேன். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீடித்த கொள்முதலுக்கான, அதாவது சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் கேடு குறைவாக வாங்குவதற்கான, பன்னாட்டு வழிகாட்டித் தரம் இது. 2017இல் வெளியானது. ஐம்பது பக்கம் சொச்சம். தர மேலாண்மைக்கான 9001, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான 14001 போல இதற்குச் சான்றிதழ் வாங்க முடியாது. அந்தத் தரங்களில் "செய்தாக வேண்டும்" என்று வருகிற இடத்தில் இதில் "செய்வது நல்லது" என்றுதான் இருக்கும். முழுக்க முழுக்க அறிவுரை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன ஆண்டு ஒரு சப்ளையர் தன் கடிதத் தாளிலேயே "ஐ.எஸ்.ஓ 20400 சான்று பெற்ற நிறுவனம்" என்று அச்சிட்டு அனுப்பியிருந்தார். புத்தகம் என்னிடம் இருந்ததால் முன்னுரைப் பகுதியைக் காட்டி விளக்க முடிந்தது. இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டிருப்பேன்.

இதைப் படிப்பதற்கு முன் நான் செய்த முதல் வேலை எது தெரியுமா? டெண்டர் படிவத்தில் "பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். துப்புரவுத் திரவங்களுக்கான டெண்டர் அது. ஏழு பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள். ஏழு பேரும் "ஆம்" என்று டிக் அடித்திருந்தார்கள். ஏழு பாட்டிலிலும் பச்சை இலை படம். அந்த ஏழு "ஆம்"களை வைத்து என்னால் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் விலை குறைந்ததைத்தான் வாங்கினேன்.

வழிகாட்டியின் ஏழாம் பகுதி கொள்முதல் நடைமுறையைப் பற்றியது. திட்டமிடுவது, விவரக்குறிப்பு (பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள்) எழுதுவது, சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தத்தை நடத்துவது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது என்று நாம் அன்றாடம் செய்கிற அதே வரிசையில் போகிறது. என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசு இந்த ஒரு பகுதிக்கே சரியாகப் போயிற்று. சரிபார்க்க முடியாத நிபந்தனையை எழுதாதே என்பதுதான் விவரக்குறிப்பு பற்றி அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். அடுத்த டெண்டரில் அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டு, எந்த முத்திரை, எந்தச் சான்று எண், எந்தத் தேதி வரை செல்லும் என்று மூன்று கட்டம் போட்டேன். ஏழு பேரில் இரண்டு பேர்தான் மூன்றையும் நிரப்பியிருந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், இத்தனை வருஷத்தில் யாருமே இதைக் கேட்டதில்லை. அடுத்த முறைக்குள் வாங்கிவிடுகிறேன்" என்றார். சொன்னபடி வாங்கவும் செய்தார்.

முத்திரைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொள்முதல் செய்கிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். பொருளின் மேல் இருக்கிற பச்சை அடையாளங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ மூன்று தனித் தரங்கள் வைத்திருக்கிறது. 14024 என்பது வெளியார் ஒருவர் பொருளின் முழு ஆயுளையும் பார்த்து, பல அளவுகோல்களில் சோதித்துக் கொடுக்கிற முத்திரைக்கானது. ஜெர்மனியின் நீலத் தேவதை முத்திரை (1978), வடக்கு ஐரோப்பிய நாடுகளின் அன்ன முத்திரை (1989), ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை (1992) எல்லாம் இந்த வகை. 14021 என்பது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்கிறவற்றுக்கானது. "இதில் இத்தனை சதவீதம் மறுசுழற்சிப் பொருள்" என்பது போல. 14025 என்பது நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல், தயாரிப்பில் இவ்வளவு கரிமம், இவ்வளவு தண்ணீர் என்று எண்களை மட்டும் வெளியிடுகிற அறிக்கைக்கானது.

இதில் எனக்கு அதிகம் உதவியது 14021தான். "பசுமையானது", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்பது போன்ற பொத்தாம்பொதுவான சொற்களைப் பயன்படுத்தவே கூடாது என்று அந்தத் தரம் சொல்கிறது. அதாவது அந்த ஏழு பாட்டிலில் இருந்த வாசகங்கள் மட்டுமல்ல, என் டெண்டரில் நானே எழுதிய வரியும் அந்த அளவுகோலில் நிற்காது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் படிவங்கள் எதிலும் அந்தச் சொல் கிடையாது.

காகிதத்துக்கும் இதே கதைதான். காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்குத் தரப்படுகிற எஃப்.எஸ்.சி முத்திரை பார்த்தால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதில் மூன்று வகை இருக்கிறது. முழுக்கச் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்தது, முழுக்க மறுசுழற்சி செய்தது, இரண்டும் பிறவும் கலந்தது. விலைப்புள்ளியில் வெறும் "எஃப்.எஸ்.சி" என்று போட்டால் எது என்று தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று: அச்சுக்கு விடும்போது, விற்பவரின் சான்றுக் குறியீடும் பொருளின் வகையும் பில்லில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் காட்டிலிருந்து வருகிற சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. அட்டையில் மரப் படம் இருந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. எங்கள் பழைய பில்களைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குறியீடு இல்லை. இப்போது குறியீடு இல்லாத பில்லைக் கணக்குப் பிரிவே திருப்பி அனுப்பிவிடுகிறது.

சரி, வழிகாட்டிக்கு வருகிறேன். விவரக்குறிப்பைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு முந்தைய கட்டம். தேவையை ஆராய்வது. எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் வாங்கத்தான் வேண்டுமா என்று கேள் என்கிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் நான் அதைக் கேட்டதே இல்லை. ஒரு துறை கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை என்று இருந்தேன். படித்த மாதத்தில் அறுபது புது நாற்காலி வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. முதல்முறையாகப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இருக்கை இறங்கிப்போயிருந்தது, அல்லது சக்கரம் உடைந்திருந்தது. ஏற்றி இறக்கும் கேஸ் குழாயை மாற்றினால் போதும். நாற்பத்தொரு நாற்காலி பழுது பார்த்ததிலேயே தேறிவிட்டது. பத்தொன்பதுதான் புதிதாக வாங்கினோம். அந்தப் பத்தொன்பதுக்கும் உதிரி பாகம் ஏழு ஆண்டு கிடைக்கும் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அந்த எழுபது சொல் நிபந்தனைதான் நான் இதுவரை எழுதியதிலேயே பயனுள்ள நிபந்தனை என்று நினைக்கிறேன்.

நாலாம் பகுதியில் முன்னுரிமை வகுப்பதைப் பற்றி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதே, பாதிப்பு எங்கே அதிகமோ அங்கே முதலில் போ என்பது சாரம். இதை வைத்துத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் சுற்றுச்சூழல் சுமை அதன் ஆயுளில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தேடத் தொடங்கினேன். மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயுளில் வெளியாகும் கரிமத்தில் பெரும்பங்கு அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே வெளியாகிவிடுகிறது. அப்படியென்றால் மின்சாரம் குறைவாகத் தின்கிற புது மாடலைத் தேடி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது தவறான கணக்கு. பேட்டரியை மாற்றி, நினைவகத்தைக் கூட்டி, ஐந்து ஆண்டு ஓட்டுவதுதான் சரி. ஏசிக்கு இது நேர்மாறு. அதன் சுமையில் பெரும்பகுதி ஓடுகிற ஆண்டுகளில் விழுகிறது. மின்சாரத்தை விழுங்குகிற பழைய இயந்திரத்தைப் பாசத்தோடு காப்பாற்றிக்கொண்டிருப்பதைவிடச் சில நேரம் மாற்றிவிடுவதே நல்லது. ஒரே நிறுவனத்தில், ஒரே கொள்கையின் கீழ், ஒன்றை நீண்ட நாள் வைத்துக்கொள்ளவும் இன்னொன்றை முன்கூட்டியே மாற்றவும் வேண்டியிருக்கிறது. இது புரிந்தபோதுதான் இந்த வேலையில் எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது.

ஏசி வாங்கியபோது வழிகாட்டியின் இன்னொரு பகுதி கைகொடுத்தது. விலையை மட்டும் பார்க்காமல் ஆயுள் முழுவதற்கும் ஆகிற செலவைப் பார்க்கச் சொல்கிறது. வாங்கும் விலை, மின்சாரம், பராமரிப்பு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் சேர்த்து. எங்கள் கணக்கு அதிகாரி முதலில் ஒப்பவில்லை. "குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு இயந்திரங்களுக்கும் வித்தியாசம் சராசரியாக 300 வாட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், 10 ஆண்டு. பெருக்கினால் ஒரு இயந்திரத்துக்கு 6,000 யூனிட் வருகிறது. விலை வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதியதும் அவரே பேனாவை வாங்கி மற்ற இயந்திரங்களுக்கும் போட ஆரம்பித்துவிட்டார். முக்கியமானது என்னவென்றால், இந்தக் கணக்கு முறையை டெண்டரிலேயே முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும். விலைப்புள்ளி பிரித்த பிறகு அளவுகோலை மாற்றினால் அது முறைகேடு. முன்பே சொல்லிவிட்டால் தணிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

குளிர்வாயுவையும் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். இது வழிகாட்டியில் கிடையாது, வெளியே தேடிப் படித்தது. நெடுநாளாகப் பரவலாக இருக்கிற ஆர்-410ஏ வாயு கசிந்தால், அதே எடை கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்-32 என்றால் 675 மடங்கு. அதுவும் குறைவில்லைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. லேசாகத் தீப்பற்றும் தன்மை உடையது என்பதால் பொருத்துகிறவருக்குப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் விடாமல் உருளையில் பிடித்து எடுத்துப் போக வேண்டும் என்பதையும் ஆணையில் எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் செய்வதில்லை.

நான் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். டோனர் விஷயத்தில் அவசரப்பட்டேன். புது டோனருக்குப் பதில் பழைய பெட்டியைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றி நிரப்பித் தருகிற மறுதயாரிப்பு டோனருக்கு எல்லாப் பிரிண்டரையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். முதல் தொகுதியிலேயே பல பெட்டிகள் பொடி கசிந்தன. பக்க ஓரத்தில் கறுப்புக் கோடு. பாதியை எடுத்து எறிய வேண்டியதாயிற்று. குப்பையைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் "பசுமை டோனர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அவநம்பிக்கையைப் போக்க எட்டு மாதம் பிடித்தது. தவறு மறுதயாரிப்பில் இல்லை, நான் கேட்காததில் இருந்தது. கறுப்பு டோனர் எத்தனை பக்கம் தரும் என்று அளக்க ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 19752 என்று தனிச் சோதனை முறையே இருக்கிறது. இரண்டாம் முறை வேறொரு சப்ளையரிடம் அந்த முறைப்படியான பக்க எண்ணிக்கை, பழுதானால் மாற்றித் தருவது, காலிப் பெட்டியைத் திரும்ப எடுப்பது மூன்றையும் ஆணையில் எழுதினேன். நாலு பிரிண்டரில் மட்டும் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். இப்போது எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. சிறிதாகத் தொடங்கிப் பார் என்ற யோசனை வழிகாட்டியின் போக்கிலேயே இருக்கிறது. நான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருந்தேன்.

மட்கும் குவளைகளிலும் ஒரு பாடம் கிடைத்தது. கூட்டங்களுக்குப் பிளாஸ்டிக் குவளைக்குப் பதில் "மட்கும்" குவளை வாங்கினோம். ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரச் சான்று இருந்தது, போலி இல்லை. ஆனால் அந்தத் தரம் தொழிற்சாலை அளவு உரக்கூடத்துக்கானது. அங்கே உள்ள சூட்டில் 12 வாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைய வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. எங்கள் குப்பை அப்படி ஒரு கூடத்துக்குப் போகவே இல்லை. மற்ற குப்பையோடுதான் போனது. பொருள் சரி, அது போய்ச் சேருகிற இடம் சரியில்லை. கழுவிப் பயன்படுத்துகிற குவளைக்கு மாறினோம்.

இப்போது குறைகள். முதல் குறை மொழி. ஒவ்வொரு வாக்கியமும் எல்லாத் துறைக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டதால் எதையும் கையில் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. முதல் மூன்று பகுதிகளை நான் இரண்டு முறை படித்தும் ஒரு குறிப்புகூட எடுக்கவில்லை. இரண்டாவது, இது சமூகப் பொறுப்புக்கான 26000 வழிகாட்டியின் மேல் கட்டப்பட்டது. மனித உரிமை, தொழிலாளர் நிலைமை, நேர்மையான வணிகம் எல்லாம் சுற்றுச்சூழலோடு சேர்ந்தே வருகின்றன. அது சரியான பார்வைதான், குழந்தைகளை வேலை வாங்கிச் செய்த மறுசுழற்சிக் காகிதம் எனக்கும் வேண்டாம். ஆனால் சுற்றுச்சூழலுக்கு மட்டும் என்ன செய்வது என்று தேடுகிறவர் அங்கங்கே பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது குறை பெரியது. இதில் பொருள்வாரியான அளவுகோல் எதுவும் இல்லை. காகிதத்துக்கு என்ன கேட்பது, கணினிக்கு என்ன கேட்பது என்று ஒரு வரி கிடையாது. அதற்கு நான் ஐரோப்பிய ஆணையம் இலவசமாக வெளியிட்டிருக்கும் பசுமைப் பொதுக் கொள்முதல் அளவுகோல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கணினி, நாற்காலி மேசை, துப்புரவு, காகிதம் என்று தனித்தனியாக இருக்கின்றன. எந்த நிபந்தனைக்கு எந்தச் சான்றைக் கேட்பது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். அப்படியே டெண்டருக்குள் எடுத்துக்கொள்கிற நடையில் இருக்கின்றன. கணினிக்கு டிசிஓ, எபீட் என்று இரண்டு சுற்றுச்சூழல் முத்திரைகள் உண்டு; அவற்றின் பொதுப் பட்டியல்களிலும் மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். சப்ளையர் அனுப்புகிற சான்று நகலை நம்பாமல் பட்டியலில் நேரே பாருங்கள். காலாவதியான சான்று இரண்டு முறை எனக்கு வந்திருக்கிறது.

அளவிடுவதற்கும் இது போதாது. வாங்குகிற பொருள்களால் வருகிற உமிழ்வைக் கணக்கிட வேண்டுமென்றால் நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பயன்படுத்துகிற பசுங்குடில் வாயு நெறிமுறையின் 2011ஆம் ஆண்டு மதிப்புச் சங்கிலித் தரத்துக்குத்தான் போக வேண்டும். அதில் பதினைந்து வகைகள் இருக்கின்றன. வாங்கிய பொருளும் சேவையும்தான் அதில் முதல் வகை. அது தனி உழைப்பு, சிறிய நிறுவனத்துக்கு முதல் ஆண்டே தேவைப்படாது.

ஒப்பந்தம் முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது பற்றி ஏழாம் பகுதியின் கடைசியில் சில பத்திகள் இருக்கின்றன. பெரும்பாலோர் அதுவரை படிக்க மாட்டார்கள். எங்களுக்கு அது பழைய கணினி விஷயத்தில் தேவைப்பட்டது. 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. எங்கள் பழைய கணினிகள் அந்த 22இல் போயினவா மீதியில் போயினவா என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. எடுத்துப் போனவர் ஒரு ரசீது கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது வாங்கும் ஆணையிலேயே திரும்ப எடுக்கும் பொறுப்பும், தகவலை அழித்த சான்றும், கடைசியாகப் பிரித்த இடத்தின் பெயரும் தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். வாங்கும்போது கேட்டால் சப்ளையர் தலையாட்டுவார். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால் தொலைபேசியே எடுக்க மாட்டார்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? கொள்முதலுக்கென்று தனி ஆள் இருக்கிற, ஆண்டுக்குச் சில டெண்டராவது விடுகிற நிறுவனத்துக்கு நிச்சயம் வாங்கச் சொல்வேன். மேலாளர் ஐந்தாம், ஆறாம் பகுதிகளைப் படிக்கட்டும், கொள்முதல் செய்கிறவர் நாலையும் ஏழையும் படிக்கட்டும். பத்துப் பேர் வேலை செய்கிற அலுவலகத்துக்கு இது தேவையில்லை. அவர்கள் இலவச அளவுகோல்களிலிருந்து காகிதம், துப்புரவு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றரையைக் குறைத்தது அந்த வழுக்கும் மொழிக்காகவும் பொருள்வாரி அளவுகோல் இல்லாததற்காகவும்.

என் பிரதியில் ஏழாம் பகுதியின் ஓரங்கள் முழுக்கப் பென்சில் குறிப்புகள். அடுத்த மாதம் மடிக்கணினி ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. "தேவையை ஆராய்தல்" என்ற தலைப்பின் பக்கத்தில் நூற்று நாற்பது என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து ஒவ்வொரு துறையாகப் போய், எத்தனை கணினிக்குப் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணப் போகிறேன்.